நெல்வேரில் முடிச்சு: உங்கள் வயலில் எந்த ரகம் தாங்கியது?

வெல்லாவெளிக்காரன்
மானாவாரிக் கண்டம், புழுதி விதைப்பு. மழை இடையில் ஏமாற்றிவிட்டது. பயிர் சாண் உயரம் வருமுன் வட்டைக்குள் திட்டுத் திட்டாக மஞ்சள். யூரியா காணாது என்றார் வயலைப் பார்க்கும் முல்லைக்காரர். எறிந்தோம், பச்சை பிடிக்கவில்லை. ஒரு பயிரை மண்ணோடு கிளப்பி வாளித் தண்ணீரில் மெதுவாக அலசியபோதுதான் காரணம் தெரிந்தது. வேர் நுனிகள் தூண்டில் முள்ளைப் போல வளைந்து, வளைவில் வீங்கியிருந்தன. இழுத்துப் பிடுங்கிய பயிர்களில் அந்த நுனிகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிட்டன. அந்தப் பயிர்களை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றுமே விளங்கியிருக்காது.

இது வேருக்குள் புகும் நூற்புழுவின் வேலை. இதற்கு எதிர்ப்புள்ள நெல் எது? விதைக்கடையில் கேட்டால் எந்த மூட்டை தேங்கிக் கிடக்கிறதோ அதைக் காட்டுகிறார்கள்.

சம்மாந்துறை மருமகன்
அண்ணன், நான் விதைத்தது ஏடி 362 என்ற சிவப்பு நெல். வரம்புக்கு அந்தப் பக்கம் மச்சான் விதைத்தது பிஜி 94-1 என்ற வெள்ளை நெல். அவருடையது மஞ்சள், என்னுடையது கரும்பச்சை. சிவப்பு நெல்தான் தாங்கும் என்பது என் கட்சி.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்
தம்பி, கட்சி கட்டுமுன் இரண்டு வயலிலும் வேரைப் பாருங்கள். யார் வயலில் முதலில் தண்ணீர் நின்றது என்பதையும் சொல்லுங்கள்.

இந்த நூற்புழுவின் பெயர் மெலாய்டோகைனி கிராமினிகோலா. 1965இல் அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு புல்லின் வேரிலிருந்துதான் முதலில் விவரித்தார்கள். நம் இலங்கையில் 2000/2001 பெரும்போகத்தில் குருநாகல் மாவட்டத்து நிக்கவரெட்டியில் பெரிதாகக் கிளம்பியது. ஈரமிருந்தும் தண்ணீர் நிற்காத மண்ணில்தான் குஞ்சுப் புழு வேர் நுனிக்குள் எளிதாக நுழையும். தண்ணீர் கட்டிவிட்டால் வெளியே இருப்பது நுழையமாட்டாது, சாகவும் சாகாது. ஏற்கெனவே உள்ளே போனதற்கோ வெள்ளம் ஒரு பொருட்டே இல்லை. தாய்ப்புழு முட்டையை வேருக்குள்ளேயே இடுகிறது, குஞ்சு அதே வேரில் அடுத்த முடிச்சைப் போடுகிறது. சூடான மண்ணில் நான்கு கிழமைக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஆகவே புழுதி விதைப்பில் மழை பிந்தினால் புழுவுக்குக் கொண்டாட்டம்.

இன்னொன்று. பயிர் பச்சையாக நிற்பதால் மட்டும் அதற்கு எதிர்ப்பு உண்டென்று எடுக்க முடியாது. சில ரகம் புழுவை வயிறாரத் தின்னவிட்டும் ஓரளவு விளைச்சல் தரும். அதை நம்பி அடுத்த போகமும் விதைத்தால் மண்ணில் புழு இரட்டிப்பாகக் காத்திருக்கும். உள்ளே வந்த புழுவை முட்டையிட விடாத ரகத்தைத்தான் எதிர்ப்புள்ளது என்போம்.

திருக்கோவிலான்
ஐயா சொல்வது சரி. 2021/22 பெரும்போகத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இரசாயன உரத்தடையால் கண்ட இடமெல்லாம் மஞ்சள். அந்த மஞ்சளுக்குள் எது பசி, எது புழு என்று யார் வேரைக் கிளப்பிப் பார்த்தார்கள்? நெற்சப்பிப் புல்லிலும் இந்தப் புழு தங்கும் என்கிறார்கள், உண்மையா?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்
உண்மை. வரம்போரத்துப் புல்லையும் சேர்த்தே அழிக்க வேண்டும்.

வந்தாறுமூலையில் படித்தவள்
வெல்லாவெளி அண்ணாவின் கேள்விக்கு வருகிறேன். நாம் உண்ணும் ஆசிய நெல்லில் பெரும்பாலானவை இந்தப் புழுவுக்கு இடம் கொடுப்பவைதான். வலுவான எதிர்ப்பு ஆப்பிரிக்க நெல்லான ஒரைசா கிளாபெரிமாவில் இருக்கிறது. அதன் வேரில் நுழையும் புழுவே குறைவு; நுழைந்ததும் வளராமல் முடங்கும். ஆனால் அதை நம் நெல்லோடு கலந்தால் முதல் தலைமுறை பெரும்பாலும் பதராகிவிடும். திரும்பத் திரும்பக் கலந்து எடுத்த வரிசைகளிலும் அந்த ஆப்பிரிக்க நெல்லின் எதிர்ப்பு முழுதாக வந்து சேரவில்லை.

2016இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. உலகெங்குமிருந்து திரட்டிய முந்நூறுக்கும் மேற்பட்ட நெல் வகைகளில் புழுவை விட்டுப் பார்த்தார்கள். மீண்டும் சோதித்தபோதும் புழுவை எதிர்த்து நின்றவை இரண்டு. ஒன்று தாய்லாந்தின் காவ் பாக் மாவ். மற்றது எல்டி 24, இலங்கை நெல்! பிறகு தாய்லாந்து நெல்லின் எதிர்ப்பு பதினோராவது குரோமோசோமில் இருப்பதாகவும் கண்டார்கள். ஆசிய நெல்லிலிருந்தே எடுப்பதால் பதராகும் தொல்லை பெரிதாக இராது. ஆனால் நம் கடை மூட்டைகளில் அந்தக் குணத்துக்காகத் தேர்ந்தெடுத்த நெல் எதையும் நான் காணவில்லை. நம் வீட்டுச் சொத்தை நம் வயலுக்குக் கொண்டுவர இவ்வளவு காலமா என்று கோபம்தான் வருகிறது.

சம்மாந்துறை மருமகன்
இன்று இரண்டு வயலிலும் மண்வெட்டியால் கிளப்பிப் பார்த்தோம். ஐயா, முடிச்சு இரண்டிலும் இருக்கிறது. என் பக்கம் குறைவு. என் கண்டம் பள்ளம், பயிர் பிடித்ததும் தண்ணீர் நின்றுவிட்டது. மச்சானுடையது மேடு. அவர் இப்போது என்னை ரகப் பேராசிரியர் என்று அழைக்கிறார். சோற்றுக்காக ஏடி 362ஐ விடமாட்டேன்.

மண்டூர் மகள்
எங்கள் அப்பா சிறுபோகத்தில் தண்ணீர் இல்லாத மேட்டுக் கண்டத்தில் எள் போடுவார். புழுவுக்காக அல்ல, பணத்துக்காக. அடுத்த பெரும்போகத்தில் அந்தக் கண்டத்து வேரில் முடிச்சு மிகக் குறைவு.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்
எள் இந்தப் புழுவுக்குப் பிடிக்காத பயிர் மகள், கடுகும் அப்படியே. ஒரு போகத்தோடு நிறுத்தினால் திரும்பி வரும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

வேரை விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோகிறவர்கள் திட்டின் நடுவிலிருந்து எடுக்காதீர்கள். அங்கே வேர் அழுகியிருக்கும். மஞ்சளும் பச்சையும் சந்திக்கும் ஓரத்தில் மண்ணோடு கிளப்பி, பொலித்தீன் பையில் கட்டி, வெயில் படாமல் அன்றைக்கே கொடுங்கள். ரகத்தின் பெயரையும் விதைத்த திகதியையும் பையில் எழுதுங்கள்.