பிரேக் போட்டால் சத்தம், வீட்டிலேயே பேட் மாற்றலாமா? அவசரம்

புளியரைவாசி
வணக்கம். காரில் பிரேக் போட்டால் சத்தம் வருகிறது. சக்கரத்தை நிறுத்த உராயும் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் புனலூருக்கு அழைத்துப் போக வேண்டும். அதற்குள் வீட்டிலேயே மாற்றிவிட முடியுமா? ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் இருக்கின்றன. உடனே சொல்லுங்கள்.

தென்மலைச்சாலை
எந்த வருட மாடல்? முன் சக்கரத்திலா, பின் சக்கரத்திலா? கீச்சென்று வருகிறதா, இரும்போடு இரும்பு உரசுவதுபோல் வருகிறதா? இவை தெரியாமல் என்ன சொல்வது?

ஆடிச்சாரல்
இப்போது சாரல் காலம். இரவெல்லாம் நனைந்த டிஸ்கில், அதாவது பேட் உராயும் வட்டத் தட்டில், துரு படியும். காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்குக் கரகரவென்று வந்து நின்றுவிடும். என் காரிலும் இதே கதைதான். வீணாகச் செலவு செய்யாதீர்கள்.

கோட்டைவாசல்
டிஸ்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் இடையில் பொடிக்கல் சிக்கியிருக்கும். சக்கரத்தைக் கழற்றித் தட்டிப் பாருங்கள்.

பழையபட்டறை
கல் சிக்கினால் பிரேக் போடாதபோதும் சத்தம் வரும். அவர் பிரேக் போட்டால் என்று எழுதியிருக்கிறார், படிக்கவில்லையா? தம்பி, ஜாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாம் மெக்கானிக் ஆகிவிட முடியாது. பல பேட்களில் ஒரு சிறு எச்சரிக்கைத் தகடு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்கைத் தொட்டுக் கீச்சிடும். அதையும் கேட்காமல் ஓட்டினால் பேடின் பின்தகடே டிஸ்கை அரைக்கும். அடிப்படையைத் தெரிந்துகொண்டு கேள்வி கேளுங்கள்.

புளியரைவாசி
2015 பெட்ரோல் கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன் இடது சக்கரத்தில், அரைப்பதுபோல் வருகிறது. ஆரியங்காவிலிருந்து திரும்பி வளைவுகளில் இறங்கும்போது மிதி மெத்தென்று உள்ளே போகிறது, சமதளத்துக்கு வந்ததும் சரியாகிவிடுகிறது. அதுவும் பேட் தேய்ந்ததால்தானே?

தென்மலைச்சாலை
இல்லை நண்பரே. முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். அரைக்கும் சத்தம் பேட். மெத்தென்று போகும் மிதி பெரும்பாலும் பிரேக் ஆயில். அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். மிதித்தால் குமிழிதான் நசுங்கும், பேட் இறுகாது. ஆறியதும் சரியாகிவிடும் என்பதால்தான் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். ஆயிலை ஒர்க்‌ஷாப்பில் மாற்றுங்கள். காற்று முழுவதும் வெளியேற வேண்டும்.

பேடை வீட்டில் மாற்றலாம். சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். தூக்கியதும் ஸ்டாண்டு வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். பேட்களை டிஸ்கோடு இறுக்கும் காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, காலிப்பரை மேலே மடக்கினால் பேட்கள் தெரியும். உராயும் பகுதி புதிதில் ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும், 3க்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். பேடைத் தள்ளும் பிஸ்டனை சி கிளாம்பால் மெதுவாக உள்ளே தள்ளும்போது ஆயில் தொட்டி நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள், வழிந்தால் பெயின்ட் போய்விடும். இடது, வலது இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். தூசியை ஊதாதீர்கள். முடித்ததும் மிதி கெட்டியாகும் வரை மிதித்துவிட்டு அதன் பிறகே வண்டியை நகர்த்துங்கள். இதை மறக்கவே கூடாது.

ஆடிச்சாரல்
இறக்கத்தில் நான் நியூட்ரலில்தான் இறங்குவேன். பெட்ரோலும் மிச்சம்.

கோட்டைவாசல்
மிச்சம் ஒன்றும் இல்லை. இஞ்செக்‌ஷன் வண்டியில் கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் செல்வதே நின்றுவிடும். நியூட்ரலில் இன்ஜினை ஓட வைக்க அது எரிந்துகொண்டேதான் இருக்கும்.

ஆடிச்சாரல்
என் அப்பா முப்பது வருடம் இதே சாலையில் அப்படித்தான் ஓட்டினார், ஒரு கீறல்கூட விழவில்லை.

பழையபட்டறை
அவர் காலத்தில் கார்புரேட்டர், கணக்கு வேறு. ஆனால் அன்றும் நியூட்ரலில் வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக்தான் தாங்கியது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று லாரி ஓட்டுநர்கள் காலங்காலமாகச் சொல்கிறார்கள். இந்தப் பழக்கத்தைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

ஆடிச்சாரல்
யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் பழக்கத்தைச் சொன்னேன், அவ்வளவுதான்.

புளியரைவாசி
மாற்றியாகிவிட்டது. இடது சக்கரத்தில் உள்பக்கப் பேட் தகடு வரை தேய்ந்திருந்தது, வெளிப்பக்கப் பேடில் பாதிக்கு மேல் மீதம் இருந்தது. காலிப்பர் வழுக்கி நகர்வதற்கான கம்பி (பின்) துருப்பிடித்து அசையவே இல்லை. உப்புத்தாளால் தேய்த்துக் கிரீஸ் வைத்தேன். சத்தம் போய்விட்டது. அனைவருக்கும் நன்றி.

தென்மலைச்சாலை
நல்லது. உள்பேட் மட்டும் தேய்ந்ததற்கு அந்தக் கம்பிதான் காரணம். ஆனால் எந்தக் கிரீஸ்? சாதாரண பேரிங் கிரீஸ் என்றால் ரப்பர் உறை ஊதிப்போய் அந்தக் கம்பி மறுபடி இறுகிவிடும், பிரேக்குக்கென்று உள்ள சிலிக்கான் கிரீஸ்தான் வேண்டும். டிஸ்கில் பள்ளம் விழுந்திருக்கிறதா? குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள். ஆயில் மாற்றினீர்களா?

பழையபட்டறை
ஆயிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தம்பி, அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பும் முன் இதற்குப் பதில் எழுதுங்கள்.