நான்காவது டைலடேஷன் முடிந்தது: இன்னும் எத்தனை?

பொள்ளாச்சிக்காரி:

வீட்டில் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு காய்ச்சி விற்கிறேன். ஜூன் மாதம் ஒரு நாள் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, ஆறட்டும் என்று எவர்சில்வர் டம்ளரில் வைத்துவிட்டு எண்ணெய் அளக்கத் திரும்பினேன். மகனுக்கு இரண்டரை வயது. தண்ணீர் என்று ஒரு மடக்கு குடித்துவிட்டான். டம்ளரில் வைத்தது நான்தான். அதைப் பற்றி இங்கே யாரும் புதிதாகச் சொல்ல வேண்டாம், மாமியார் சொல்லி முடித்துவிட்டார்.

அடுத்த தவறும் என்னுடையதே. காஸ்டிக் சோடாவின் காரத்தை முறிக்க வினிகர் போன்ற புளிப்பு என்று சோப்பு வகுப்பில் கேட்ட நினைப்பில் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். அதைச் சொன்னதும் மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் எண்டோஸ்கோபியில் ‘2பி’ என்றார்கள். நான்காவது வாரம் குழைத்த சாதம் நெஞ்சில் நின்றது. அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மயக்கம் கொடுத்து, சுருங்கிப்போன உணவுக்குழாயைப் பலூன் வைத்து விரிக்கிறார்கள். இதைத்தான் டைலடேஷன் என்கிறார்கள். பத்து நாள் இட்லி இறங்குகிறது. பிறகு பாலில் ஊறிய ரொட்டிகூடத் திரும்பி வருகிறது. ‘ஒரே ஆபரேஷனில் முடிக்கலாமே’ என்கிறார் மாமனார். இப்படி விரித்து முடிந்த குழந்தை யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?

இருவருக்குத் தகப்பன்:

என் மகள். மூன்று வயதில் கழிப்பறை அமிலம். பதினோரு முறை விரித்தார்கள். ஆறாவதற்குப் பிறகு இடைவெளி ஒரு மாதமானது, பிறகு மூன்று மாதம். அமிலம் என்பதால் இரைப்பையின் வெளிவாசலும் சுருங்கியிருக்கிறதா என்று தனியாகப் பார்த்தார்கள். இப்போது ஏழு வயது, முறுக்கு தின்கிறாள். ஒரு நோட்டு வாங்குங்கள்: எந்தத் தேதியில் எது இறங்கியது, எது நின்றது. எங்கள் மருத்துவர் அதைப் பார்த்துத்தான் அடுத்த தேதி கொடுப்பார்.

இரவுப்பணி:

குழந்தைகள் அறுவைப் பிரிவில் 19 ஆண்டு செவிலியராக இருந்தேன். எத்தனை முறை என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு அளவைக் கேளுங்கள்: சுருக்கம் எத்தனை சென்டிமீட்டர் நீளம், இந்த முறை எத்தனை மில்லிமீட்டர் வரை விரித்தார்கள். நீளம் குறைவாக இருந்தால் நம்பிக்கை அதிகம்.

‘2பி’ என்பது சண்டிகர் மருத்துவர்கள் 1991-இல் வெளியிட்ட அளவுகோல். புண் ஆழமாக இருக்கிறது, அல்லது குழாயைச் சுற்றி வளைத்திருக்கிறது என்று பொருள். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். அந்தப் புண் ஆறும்போது வரும் தழும்பு மாதக்கணக்கில் இறுகும். பலூன் அதைக் கிழித்துவிட, அது மறுபடி இறுகப் பார்க்கும். ஐந்து முறை விரித்தும் நான்கு வாரம் தாங்கவில்லை என்றால் வேறு வழிகளைப் பேசுவார்கள்: கிழிந்த இடத்தில் தழும்பைக் குறைக்கும் மைட்டோமைசின் மருந்தைத் தடவுவது, குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட்டைச் சில வாரம் உள்ளே வைப்பது. இரைப்பையையோ பெருங்குடலையோ மேலே இழுத்துத் தைக்கும் ஆபரேஷன் கடைசியில்தான். சொந்தக் குழாய்க்கு ஈடு இல்லை என்று மாமனாரிடம் சொல்லுங்கள்.

விரித்த அன்று நெஞ்சுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், கழுத்து வீக்கம் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம்.

எலுமிச்சை கொடுக்கக்கூடாதுதான். காரத்தோடு சேர்ந்தால் சூடு கிளம்பும். வாந்தி வந்தால் புண்மேல் இரண்டாம் முறை ஏறும். ஆனால் நீங்கள் பழத்தை நறுக்குவதற்குள் காரம் தன் வேலையைப் பெரும்பாலும் முடித்திருக்கும். பேனாவைக் கீழே வைத்தவர் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பொள்ளாச்சிக்காரி:

காகிதத்தைத் தேடி எடுத்தேன். நீளம் 3 சென்டிமீட்டர். முதல் முறை 6 மில்லிமீட்டர், இப்போது 10. ஏறித்தான் இருக்கிறது, நான் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஐந்தாவது. நோட்டு வாங்கிவிட்டேன். சோப்பை விடவில்லை, மருத்துவமனைச் செலவு அதில்தான் போகிறது. கரைப்பது மட்டும் மொட்டைமாடியில், பூட்டிய அறைக்குள், கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் ஜாடியில்.

முறுக்கு எந்த வயதில் கொடுத்தீர்கள், அண்ணா?

இருவருக்குத் தகப்பன்:

நான் கொடுக்கவில்லை. ஐந்தரை வயதில் அவளே டப்பாவைத் திறந்துவிட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது பாதி காலி.