இன்குபேட்டரில் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே இறப்பது ஏன்?

கேள்வி (மன்னார்குடி):
ஐப்பசி மழையில் சிறுவிடை (நாட்டுக்கோழி வகை) முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தோம். வெப்பநிலை 37.5 பாகை செல்சியசில் சீராக இருந்தும், முழுதாக வளர்ந்த குஞ்சுகள் பல ஓட்டை உடைக்காமலே இறந்துவிட்டன. காரணம் என்னவாக இருக்கும்?

பதில் (திருவாரூர்):
ஈரம் மிகுந்திருக்கலாம். முதல் 18 நாள்களுக்கு ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காடு போதும். அடைமழைக் காலத்தில் டெல்டாவின் காற்றே ஈரம் நிறைந்திருப்பதால், தண்ணீர்த் தட்டையும் நிரப்பி வைத்தால், முட்டையிலுள்ள நீர் போதிய அளவு ஆவியாகாமல், அகன்ற முனையிலுள்ள காற்றறை சிறுத்து, மூச்சுவிடத் தொடங்கும் குஞ்சு திணறிவிடும். 7, 14, 18ஆம் நாள்களில் டார்ச் வெளிச்சத்தில் காற்றறை பெரிதாகி வருகிறதா என்று பாருங்கள். மலிவான ஈரமானி காட்டும் எண்ணைவிட அதையே நான் நம்புவேன்.

பதில் (பாபநாசம்):
ஐயா கூறியது சரியே. ஆனால் கடைசி மூன்று நாள்களில் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, ஈரப்பதத்தை 65 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வேண்டும். அப்போது மூடியை அடிக்கடி திறந்தால் உட்சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மின்சாரம் நின்றால் என்ன செய்வது?

பதில் (திருவாரூர்):
மூடியைத் திறக்காமல், காற்றுத் துளைகளை மறைக்காமல் சாக்கினால் போர்த்திவிடுங்கள். ஓரிரு மணி நேரம் தாங்கும். அடைக்கோழியும் இரை தேட எழுந்துபோகத்தானே செய்கிறது.