புதுச்சேரி வரை ஒரு ராத்திரி: புது ஆட்களை எப்படித் தயார் செய்வது?

உப்புக்காற்று:
என்னிடம் 32 அடி பாய்ப்படகு இருக்கிறது. ஜனவரியில் சென்னையிலிருந்து புதுச்சேரி போக ஆசை. சுமார் 70 கடல் மைல், 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 14 மணி நேரம், அதாவது ஒரு ராத்திரி கடலில்தான். கூட வருவது என் மைத்துனர், ஆபீஸ் நண்பர், அவருடைய மகள். அந்தப் பெண் டிங்கி எனும் சின்னப் பாய்ப்படகு ஓட்டியிருக்கிறாள். மற்ற இருவரும் பெசன்ட் நகரில் கால் நனைத்ததோடு சரி. ஆர்ஒய்ஏ எனும் பிரிட்டிஷ் படகோட்டச் சங்கத்தின் 'காம்பிடன்ட் க்ரூ' (படகில் உதவியாளராக வேலை பழகும்) 5 நாள் கோர்ஸ் முடித்தால் போதுமா?

திருவொற்றியூரான்:
கோர்ஸ் நல்லதுதான் சார். பரீட்சை கிடையாது, பயிற்சியாளர் கூடவே இருந்து பார்த்துத் தேறினாரா என்று சொல்வார். ஆனால் உங்கள் படகில் எந்தக் கயிறு எங்கே என்று நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். இதே வழிதான். காற்று விழுந்துவிட்டதால் என்ஜின் போட்டிருந்தோம். சான்றிதழ் வாங்கிய நண்பரை ராத்திரி 12 முதல் 3 வரை வாட்ச்சில் (காவல் முறை) விட்டுவிட்டுப் படுத்தேன். மகாபலிபுரம் தாண்டி எதிரே ஒரு மினுக்கு வெளிச்சம். தூங்குகிறவரை எதற்கு எழுப்புவானேன் என்று மரியாதை பார்த்திருக்கிறார். வலை மிதவை அது! ப்ரொப்பெல்லரில் நன்றாகச் சுற்றிக்கொண்டது. விடியும் வரை ஆடிக்கொண்டு கிடந்தோம். அப்புறம் நான் இறங்கி, ரொட்டி வெட்டும் கத்தியால் அறுத்தேன். வலைக்காரருக்குப் பணம் கொடுத்தது தனிக்கதை.

அதனால் என் படகில் முதல் பாடம் முடிச்சுப் போடுவது இல்லை, என்னை எழுப்புவது. பயிற்சியின்போது காரணமே இல்லாமல் இரண்டு தடவை எழுப்பச் சொல்வேன், திட்டாமல் எழுந்து காட்டுவேன்.

இரண்டாவது, 20 லிட்டர் தண்ணீர் கேனைப் பாதி நிரப்பிக் கடலில் போட்டுவிட்டு, "விழுந்தது நான்தான்" என்று ஓரமாக உட்கார்ந்துவிடுவேன். ஒருத்தர் கண்ணை எடுக்காமல் கேனைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 5 நாட் வேகத்தில் ஒரே நிமிடத்தில் 150 மீட்டர் விலகிவிடுவோம், அலைக்கு நடுவே தலை தெரியாது. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமல் கேன் படகுக்குத் திரும்பினால்தான் ராத்திரிப் பயணம்.

நுரைப்பூ:
டிங்கிக்காரியிடம் ஒன்று சொல்லிவையுங்கள். டிங்கியில் கயிற்றை வெறுங்கையால் பிடித்துப் பழக்கம், இங்கே வின்ச்சில் (கயிறு இழுக்கும் உருளை) சுற்றுப் போடாமல் பிடித்தால் கை போய்விடும். என் சுண்டுவிரல் நகம் அப்படித்தான் போனது. போகும்போது வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளும், சுகமாக இருக்கும். சுக்கான் கொஞ்சம் தவறினால் பூம் (பாயின் அடிக்கட்டை) மறுபக்கம் வீசி அடிக்கும், எல்லோரும் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போதுதான் எதிர்காற்று, வாந்தி எல்லாம். விஎச்எஃப் ரேடியோவில் ஆபத்து அழைப்புக்கான சேனல் 16இல் எப்படிப் பேசுவது என்று மூன்று பேருமே பழகட்டும். கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554, போனில் சிக்னல் இருக்கும் வரைக்கும்தான்.

உப்புக்காற்று:
ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை கேனோடு ஆரம்பிக்கிறேன். என்னை எழுப்ப மைத்துனருக்குப் பயிற்சி தேவையில்லை, லீவுக்கு வந்தாலே அதைத்தான் செய்கிறார்.