அபர்வான் கதை சம்பூருக்கு எதற்கு?

கொட்டியாரக்கரை:
நேற்று நான் அபர்வானைப் பற்றி எழுதியதற்கு, வேல்ஸ் நாட்டு நிலக்கரிக் கிராமம் எங்களுக்கு எதற்கு என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வாசிக்காதவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்.

1869இல் மெர்த்தர் வேல் சுரங்கத்துக்குக் குழி தோண்டத் தொடங்கினார்கள். அதைச் சுற்றித்தான் அபர்வான் ஊரானது. கரியோடு வெளியே வந்த கல்லும் மண்ணும் கரிச்சேறும் ஊருக்கு மேலே, மலைச்சரிவில் மேடு மேடாகக் குவிந்தன. 1958இல் ஏழாவது மேட்டை ஊற்றுநீர் கசியும் இடத்தில் போடத் தொடங்கினார்கள். அந்த ஊற்று வரைபடத்திலேயே இருந்தது. 1966 ஒக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அன்று பாடசாலை முடிந்ததும் தவணை நடு விடுமுறை தொடங்க இருந்தது. காலை 9.15 அளவில், பான்ட்கிளாஸ் பாடசாலையில் பிள்ளைகள் வகுப்புக்குள் போய் இருந்த கொஞ்ச நேரத்தில் மேடு கரைந்து இறங்கியது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் பிள்ளைகள்.

நாற்பது வருசம் படிப்பித்தவன் நான். காலையில் இடாப்புக் கூப்பிடும் நேரம் அது. இங்கே திருகோணமலை மாவட்டத்தில், சம்பூரில் கட்ட இருந்த நிலக்கரி அனல் மின் நிலையம் வேண்டாம் என்று நின்றதை நான் இன்றைக்கும் சரி என்று சொல்வது அபர்வானை நினைத்துத்தான்.

மூதூர்ப் பொடியன்:
சேர், அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். இறந்த பிள்ளைகளை வச்சு வாதாட எனக்கு விருப்பமில்ல. ஆனா சுரங்கம் வேற, மின் நிலையம் வேற. சம்பூரில ஒருத்தரும் கரி தோண்டப் போகல்ல. நுரைச்சோலைக் கரி மின் நிலையத்துக்கு வாற மாதிரி கப்பலில வந்து இறங்கியிருக்கும். மலையும் இல்ல, மேடும் இல்ல.

கரி ஊர்களின்ட மற்றப் பக்கத்தையும் சொல்லுங்க. அதே வேல்ஸில ட்ரெடீகர் எண்டு ஒரு ஊர். சுரங்கத் தொழிலாளிகள் தங்கட கூலியில கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு ஒரு வைத்திய உதவிச் சங்கம் நடத்தினவங்க. அந்த ஊரில பிறந்து சின்ன வயசில சுரங்கத்துக்குள்ள இறங்கின அனைரின் பெவன் பிரித்தானியாவின்ட சுகாதார அமைச்சரா வந்துதான் 1948இல நாடு முழுக்க இலவச வைத்தியம் தொடங்கினது. கரி அவங்களுக்கு வேலை குடுத்தது, சங்கம் குடுத்தது. எங்கட பொடியன்கள் கட்டாரில நிக்கிறாங்க. 500 மெகாவாட் நிலையம் வந்திருந்தா பத்துப் பேராவது ஊரில நிண்டிருப்பாங்க.

கொட்டியாரக்கரை:
ட்ரெடீகர் கதையை நானும் மதிக்கிறேன் தம்பி. ஆனால் அந்தச் சங்கத்தைத் தந்தது கரி இல்லை, தொழிலாளிகள். கம்பெனி தராததைத் தாங்களே சேர்ந்து செய்தார்கள். சாம்பலை நீங்கள் மறந்துவிட்டீர்கள். கரி எரித்தால் சாம்பல் மிஞ்சும், அதையும் எங்கேயாவது கொட்டத்தான் வேண்டும்.

சம்பூராள்:
இரண்டு பேரும் வேல்ஸில நிக்கிறீங்கள். நான் ஊரில நிண்டு சொல்றன்.

2006 சித்திரையில சண்டை வந்து உடுத்த துணியோட ஓடினம். அந்த வருச மார்கழியில, நாங்கள் அகதியா அலையேக்க, எங்கட ஊரில மின் நிலையம் கட்ட இந்தியாவோட ஒப்பந்தம் போட்டாச்சு. எங்களிட்ட ஆர் கேட்டது? பிறகு கிளிவெட்டி முகாமில வருசக் கணக்காக் கிடந்தம். திரும்பி வரேக்க வீடு இல்ல, வேலி இல்ல, எல்லைக்கு நட்ட பூவரசும் இல்ல. பத்தைக்குள்ள தடியால தட்டித் தட்டி, சத்தம் மாறின இடத்தில கிணத்துக் கட்டைக் கண்டு பிடிச்சா அம்மா. அந்தக் கட்டில இருந்து அடி அளந்துதான் குசினி எங்க, சாமியறை எங்க எண்டு சொன்னா.

மூதூர்ப் பொடியன்:
அக்கா, நீங்க பட்டதுக்கு நான் மறுப்புச் சொல்லேலாது. ஆனா அது காணியைப் பறிச்ச பிழை. கரியின்ட பிழை இல்ல.

கொட்டியாரக்கரை:
அபர்வானிலும் கரியின் பிழை இல்லை தம்பி. பாடசாலைக்குப் பின்னால் கரிச்சேறு கொட்டுவது ஆபத்து என்று உள்ளூராட்சிப் பொறியியலாளர் 1963இலேயே கடிதம் எழுதினார். 1967இல் விசாரணை மன்றம், சுரங்கத்தை நடத்திய தேசிய நிலக்கரிச் சபைதான் பொறுப்பு என்று சொன்னது. அதற்குப் பிறகும், மிச்ச மேடுகளை அகற்ற, சனம் இரங்கிக் கொடுத்த நிதியிலிருந்தே 150,000 பவுண் எடுத்தார்கள். அது திரும்பி வந்தது 1997இல். சுரங்கம் 1989இலேயே மூடப்பட்டுவிட்டது. சம்பூரும் அபர்வானும் எனக்கு ஒன்றாகத் தெரிவது இங்கேதான். அடியில் குடியிருந்தவனின் சொல்லுக்கு மேலே இருந்தவர்களிடம் மதிப்பில்லை.

மூதூர்ப் பொடியன்:
அந்த நிதிக் கதை எனக்குத் தெரியாது. கேட்கவே வயிறு எரியுது. சரி, கேட்காமல் கொண்டு வந்தது பிழை, ஒத்துக்கொள்றன். 2016 புரட்டாதியில அரசாங்கமே உயர் நீதிமன்றத்தில சம்பூரில கட்டமாட்டம் எண்டு சொல்லிட்டுது. பிறகு? 2025 சித்திரையில 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் வச்சாச்சு. புகை இல்ல, சாம்பல் இல்ல, சந்தோசம். கட்டி முடிஞ்ச பிறகு அதில எங்கட ஆக்கள் எத்தனை பேருக்கு வேலை? சேர், கரியை வேண்டாம் எண்ட நீங்கள் இதையும் கேட்கவேணும். அந்தக் கேள்வியை நான் விடமாட்டன்.

கொட்டியாரக்கரை:
நியாயமான கேள்வி. நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

சம்பூராள்:
வேலையைக் கேளுங்கோ தம்பி, என்ர மகனும் வேலை இல்லாமத்தான் இருக்கிறான். அதோட தண்ணியையும் கேளுங்கோ. மாரியில வெள்ளம் எந்த வளவுக்குள்ளால வந்து எங்கால வடியும் எண்டு எங்கட கிழவியளுக்குத் தெரியும். அளக்க வந்த ஆக்கள் ஒருத்தரும் அவையிட்டக் கேட்டதை நான் காணல்ல. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாங்கோ. அம்மா இன்னும் நடப்பா. கிணத்தடியில இருந்து தொடங்கிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவா.