நம்ம வீட்டு குரூப்: என் மேசைப் பஞ்சாயத்து

நான்: திங்கக்கிழமை கோடு எழுதுற வேலைல சேர்றேன். முழுக்க வீட்ல இருந்துதான். லேப்டாப் அவங்க தருவாங்க, மத்ததெல்லாம் நாமதான் பாத்துக்கணும். அண்ணா, மெக்கானிக்கல் கீபோர்டு (ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச்) வாங்கலாம்னு இருக்கேன். ப்ளூ ஸ்விட்சா, பிரவுனா?

சித்தப்பா: வாழ்த்துகள்டா 👏👏

அண்ணன்: ஸ்விட்ச் கிடக்கட்டும். எதுல உக்காரப் போற?

நான்: கட்டில்லதான். இல்லன்னா பிளாஸ்டிக் சேர்.

அண்ணன்: வெளங்கிரும்.

அம்மா: கட்டில்ல உக்காந்து படிச்சே முதுகு வலின்னு புலம்பினவன் இவன்

அண்ணன்: லேப்டாப்ல திரையும் கீபோர்டும் ஒட்டிப் பொறந்தது. கைக்கு வசதியா வச்சா கழுத்து குனியும். கண்ணுக்கு நேரா தூக்கினா கை அந்தரத்துல தொங்கும். தனி கீபோர்டு வேணும்கிறது அதுக்காகத்தான், டக்டக் சத்தத்துக்காக இல்ல.

நான்: அப்ப லேப்டாப் ஸ்டாண்டும் வாங்கணுமா?

அண்ணன்: நாலு தடி புஸ்தகம் போதும். திரையோட மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரணும், இல்ல கொஞ்சம் கீழ. ஒரு கை நீட்டுற தூரம். முழங்கை மேசை உயரத்துல, பாதம் முழுசா தரையில. சேரோட உயரத்தை மாத்த முடியலன்னா இதுல எதுவுமே அமையாது. காசை முதல்ல அங்க போடு.

அண்ணி: அடுத்தது மானிட்டர். 24 இன்ச், 1920×1080 போதும் தம்பி, அங்குலத்துக்கு 92 பிக்சல் வரும். அதே 1080-ஐ 27 இன்ச்ல வாங்கிடாதீங்க, 82-க்கு எறங்கிடும், எழுத்து ஓரமெல்லாம் பிசிறடிக்கும். நாள் பூரா பாக்கப் போறது எழுத்தைத்தானே. 27 வேணும்னா 2560×1440.

நான்: ரெண்டு மானிட்டர் வச்சா?

அண்ணி: ரெண்டாவதுல சாட்தான் ஓடும். லேப்டாப் திரையே அதுக்குப் போதும்.

சித்தப்பா: ப்ளூ ஸ்விட்ச் என்னாச்சுப்பா, பதிலே வரல

அண்ணன்: ப்ளூ ஒவ்வொரு அமுக்குக்கும் கிளிக்னு கேக்கும். மீட்டிங்ல டைப் பண்ணா எதிர்ல இருக்கிறவங்களுக்கு சரவெடி. பிரவுன்ல பாதி வழியில ஒரு சின்ன தட்டு விரலுக்குத் தெரியும், கிளிக் கிடையாது. ரெட்ல அந்தத் தட்டும் இல்ல, நேரா எறங்கும்.

அம்மா: பிரவுன் வாங்கு. ராத்திரி நான் தூங்கணும்.

நான்: சரி, பிரவுன் 😄 இப்ப கோடு எழுதுற எடிட்டர். அண்ணன் என்ன சொல்வான்னு தெரியும்.

அண்ணன்: விம்.

அண்ணி: ஆரம்பிச்சாச்சு.

சித்தப்பா: 1991-ல வந்ததுதானே அது? இன்னுமா?

அண்ணன்: அதுக்கும் முன்னாடி வி.ஐ., 1976. பில் ஜாய் எழுதினது. அவர் வச்சிருந்த ஏடிஎம்-3ஏ (ADM-3A) டெர்மினல்ல, அதாவது திரையும் கீபோர்டும் சேர்ந்த பெட்டியில, எச், ஜே, கே, எல் விசை மேலயே அம்புக்குறி போட்டிருந்துச்சு. இன்னைக்கும் விம்ல நகர்றது அந்த நாலு விசையிலதான். தூரத்துல இருக்கிற சர்வர்ல எஸ்எஸ்எச் வழியா, அதாவது நம்ம டெர்மினல்ல இருந்தே நுழைஞ்சா விஎஸ் கோட் எடிட்டர் இருக்காது, இது அனேகமா இருக்கும்.

அண்ணி: விஎஸ் கோட்லயே ரிமோட் எஸ்எஸ்எச் எக்ஸ்டென்ஷன் இருக்கு சார்.

அண்ணன்: அது சர்வர்ல போய் தன் பங்குக்கு ஒண்ணை இன்ஸ்டால் பண்ணும். எல்லா எடத்துலயும் விட மாட்டாங்க மேடம்.

அம்மா: இதை உங்க ரூம்ல வச்சு சண்டை போடுங்களேன்

அண்ணி: 😂 தம்பி, டீம் எதுல இருக்கோ அதுலயே ஆரம்பிங்க. பெரும்பாலும் விஎஸ் கோடாதான் இருக்கும், டிபக்கர் (தப்பு தேடுற கருவி) செட்டிங் டீமோட கோடு இருக்கிற ரெப்போவுலயே கெடைக்கும். விம் ஆசைன்னா அதுக்குள்ளயே விம் எக்ஸ்டென்ஷன் போட்டு விரலைப் பழக்குங்க. 2016-ல எடிட்டரும் கோடை அலசுற சர்வர் புரோகிராமும் பேசிக்கிற பொது முறையான லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் வந்ததுக்கப்புறம் டெஃபனிஷனுக்கு, அதாவது ஒண்ணை முதல்ல எழுதின எடத்துக்குத் தாவுறது, தப்பைக் கோடு போட்டுக் காட்டுறது எல்லாம் எந்த எடிட்டர்லயும் அதே சர்வர்தான் செய்யுது.

அண்ணன்: இதை ஒத்துக்கறேன். ஆனா எதை வச்சாலும் அந்த செட்டிங் ஃபைல்களை ஒரு கிட் ரெப்போவுல (ஒவ்வொரு மாத்தத்தையும் சேர்த்து வைக்கிற களஞ்சியம்) போட்டு வை. மெஷின் மாறினா ஒரு குளோன்ல (நகல் எடுத்தா) பாதி வேலை முடிஞ்சிடும். பாஸ்வேர்டு, கீ மட்டும் அதுக்குள்ள போயிடக் கூடாது. அடுத்த கமிட்ல (சேமிப்புல) அழிச்சாலும் பழைய கமிட்ல உக்காந்திருக்கும்.

அண்ணன்: ரிப்கிரெப், டிமக்ஸ் ரெண்டும் போட்டுக்கோ. ரிப்கிரெப் ஃபைல்களுக்குள்ள வார்த்தை தேடுற கருவி; கிட் கண்டுக்க வேணாம்னு கிட்இக்னோர்ல எழுதி வச்சதைத் தொடாம தேடும், அதுவும் அதோட வேகத்துக்கு ஒரு காரணம். சர்வர்ல டிமக்ஸ் ஓடினா நெட் அறுந்தாலும் உள்ள வேலை நிக்காது. ஆபீஸ் லேப்டாப்ல எதைப் போடலாம்னு கேட்டுட்டுப் போடு.

சித்தப்பா: நெட் அறுந்தான்னதும் ஞாபகம் வருது. கரண்ட் போனா லேப்டாப் பேட்டரில ஓடும். ரவுட்டர்?

நான்: 😶

சித்தப்பா: ரவுட்டருக்குன்னே மினி யுபிஎஸ் வருது. உன் அடாப்டர் மேல அவுட்புட் 12 வோல்ட்டா 9 வோல்ட்டான்னு பாத்துட்டு வாங்கு. வோல்ட் அச்சு அசலா அதேதான் இருக்கணும். ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது. சொருகுற பின்னும் பொருந்துதான்னு பாரு.

அண்ணி: முடிஞ்சா வைஃபை வேணாம், கேபிளே இழுத்துடுங்க. கேட் 5இ ரக நெட் கேபிள் போதும், 100 மீட்டர் வரைக்கும் 1 ஜிகாபிட் தாங்கும். ஹெட்செட்டும் வயர் வச்சதே வாங்குங்க. ப்ளூடூத்ல மைக்கை ஆன் பண்ணதும் பல ஹெட்செட்ல சத்தமே டெலிஃபோன் மாதிரி மெலிஞ்சு போயிடும்.

அம்மா: மேசையை எங்க போடப் போறீங்க, அதை யாரும் சொல்லலையே

அண்ணன்: ஜன்னல் பக்கவாட்டுல வர்ற மாதிரி. முதுகுக்குப் பின்னாடி இருந்தா வீடியோ கால்ல முகம் கருப்பா தெரியும், திரையிலயும் வெளிச்சம் பளிச்சுனு அடிக்கும். நேர் எதிர்ல இருந்தா கண்ணு கூசும்.

அம்மா: அங்க என் தையல் மெஷின் இருக்கு.

நான்: அம்மாஆஆ 🙏

அம்மா: மெஷினை அந்தப் பக்கம் நகர்த்திக்கோ. வயர் ஒண்ணு கூட நான் நடக்குற வழியில கிடக்கக் கூடாது.

நான்: அண்ணா, கேபிள் எத்தனை மீட்டர்னு இப்பவே அளந்துட்டு சொல்றேன்.

அண்ணன்: நேர்க்கோட்டுல அளக்காத. சுவர் ஓரமா, கதவு நிலையைச் சுத்தி அள.