பூட்டிக் கிடக்கும் வீட்டுச் சுவரில் படம் வரைந்தால் போஸ்டர் ஒட்டுவதை நிறுத்துவார்களா?

அப்பத்தாவீடு:
மதுரையில் எங்கள் அப்பத்தா வீடு ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. நான் பெங்களூரில். தெருவைப் பார்த்த காம்பவுண்டுச் சுவர் 40 அடி. அதில் முதல் போஸ்டர் ஒட்டியது நாங்களேதான், அப்பத்தாவுக்குக் கண்ணீர் அஞ்சலி. அதுதான் பிள்ளையார் சுழி. அதன் மேல் யார் வீட்டுக் காதணி விழாவோ, அதன் மேல் பூப்புனித நீராட்டு விழா, அப்புறம் கணக்கே இல்லை. பொங்கலுக்குப் போனபோது ஒரு மூலையைப் பிய்த்துப் பார்த்தேன். விரல் தடிமனுக்குக் காகிதம், நடுவில் அப்பத்தாவின் மூக்குத்தி மட்டும் தெரிந்தது. மறுகோடியில் ஒரு கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு அடித்து 'ரிசர்வ்' என்று எழுதியிருக்கிறார்கள். கதவில் ஸ்பிரே பெயிண்டில் இதயமும் அம்பும்.

இரண்டு முறை வெள்ளையடித்தேன். புது சிலேட்டு வாங்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. முழுச் சுவருக்கும் படம் வரைந்துவிட்டால் ஒருத்தரும் தொடமாட்டார்கள் என்கிறான் மச்சான். ஓவியர் 35,000 கேட்கிறார். போடலாமா?

கீழவாசல்:
சாமி படம் போட்ட டைல்ஸ் நாலு பதியுங்கள். ஒண்ணுக்கு அடிப்பது நிற்கும். போஸ்டருக்கு உத்தரவாதம் இல்லை. எங்கள் தெருவில் முருகன் தலைக்கு மேலேயே டியூஷன் விளம்பரம் இருக்கிறது.

தூரிகை:
சார், நான் சுவர் எழுதுகிற ஆள். அந்த 'ரிசர்வ்' என் கையாலும் நிறைய எழுதியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம். ஃபிளெக்ஸ் வந்து எங்கள் பிழைப்பு படுத்த பிறகு, 2010இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டரைச் சுரண்டிவிட்டுப் படம் வரையச் சொன்னது. நானும் போனேன். அங்கே படம் மட்டும் காவல் இல்லை, ஒட்டினால் கேஸ் என்ற பயமும் சேர்ந்து இருந்தது.

போஸ்டர் ஒட்டுகிறவன் ராத்திரி இரண்டு மணிக்கு மைதா பசை வாளியோடு வருவான். படத்தை ரசிக்க அவனுக்கு நேரம் ஏது? ஏற்கெனவே ஒன்று ஒட்டியிருக்கிறதா என்றுதான் பார்ப்பான். இருந்தால் அது பொதுச் சுவர். அதனால் முதல் போஸ்டரை விடிந்ததும் ஈரத்தோடு உரிக்க ஆள் வேண்டும். காய்ந்தால் பெயிண்டோடு சேர்ந்து வரும்.

படமும் பார்த்து வரையச் சொல்லுங்கள். ஆள் கை எட்டும் உயரத்தில் வெறும் வானம், வெள்ளை இடம் விடக் கூடாது. இலை, கூட்டம், கோலம் என்று நெருக்கமாக இருந்தால் அதில் போஸ்டர் எடுப்பாகத் தெரியாது, ஒட்டுகிறவனுக்கு அதுதான் நஷ்டம். பழைய சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டி, பிரைமர் அடித்து, எக்ஸ்டீரியர் எமல்ஷனில் வரைய வேண்டும். சுண்ணாம்பு மேலேயே வரைந்தால் ஒரு மழைக்காலத்தில் செதில் செதிலாக உதிரும். மிச்ச பெயிண்டை டப்பாவோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒட்டுப்போட உதவும்.

பிலடெல்பியாவாசி:
நான் இருக்கும் அமெரிக்க ஊரான பிலடெல்பியாவில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். 1960களிலேயே 'கார்ன்பிரெட்' என்ற பையன் சுவரெல்லாம் தன் பெயரை எழுதிய ஊர் இது. 1984இல் மேயர் வில்சன் குட் கிறுக்கல் ஒழிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்க, ஜேன் கோல்டன் என்ற ஓவியர் கிறுக்கிய பையன்களையே கூப்பிட்டுச் சுவரோவியம் வரையவைத்தார். இன்று ஊரில் நாலாயிரத்துக்கும் மேல் வரைந்தாகிவிட்டது. தான் வரைந்ததைத் தானே அழிக்க மனசு வருமா? உங்கள் தெருவில் அந்த அம்பு விட்ட பையன் யாரென்று விசாரித்துப் பாருங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று. ஆளில்லாத வீடுகளைப் பலகை வைத்து அடைக்காமல், உருப்படியான கதவும் ஜன்னலும் போட வேண்டும் என்று 2011 முதல் இங்கே கெடுபிடி செய்கிறார்கள். உங்கள் வீட்டு ஜன்னல் எப்படி இருக்கிறது?

அப்பத்தாவீடு:
ஜன்னலில் தகரம் அடித்திருக்கிறோம். மாற்றுகிறேன், வாசல் விளக்கும் போடுகிறேன். எதிரே டீக்கடை அண்ணன் விடிகாலை நாலு மணிக்கே கடை திறப்பவர். தினமும் சுவரைப் பார்த்து உரிக்க வேண்டியதை உரிக்கச் சம்மதித்துவிட்டார். காசு வேண்டாமாம். படத்தின் ஒரு மூலையில் கடைப் பெயர் மட்டும் வேண்டுமாம். தூரிகை அண்ணே, அதையும் கை எட்டாத உயரத்திலா எழுத வேண்டும்?